அதிகமாகப் பதில் போட்ட அம்மா

"…ஒண்ணு வுடாம படி சார். நடுவுல எதனா முழுங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அந்த அம்மா.

மீன் கூடையை ஆபீஸுக்கு வெளியே நிழலில் இறக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்திருந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் மேசையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையையே பார்த்தபடி நின்றார். நான் திரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பொங்கல் முடிந்து வந்த பிப்ரவரி மாதம், கீழ்க்கட்டளையில் நான் வேலை பார்க்கும் மெட்ரிக் பள்ளியின் ஆபீஸ் அறையில் நடந்தது. அந்த அம்மா தன் மகளின் டி.சி.யை வாங்க வந்திருந்தார். டி.சி. தயாராக மேசைமேல் இருந்தது. ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால், மகள் அம்மா பெயரில் எங்கள் பள்ளிக்கு எழுதியதையெல்லாம் நான் படித்துக் காட்ட வேண்டும் என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எப்படி இங்கே வந்து நின்றோம் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் கிழக்கு தாம்பரம். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் போடச் சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். சென்டர் மூடியபின் இந்தப் பள்ளி ஆபீஸில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் என்னை 'கம்ப்யூட்டர் சார்' என்பார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எது ருசியாகச் சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். இரண்டு டீ வாங்கிக் கொடுத்து ஆளைப் பேசவிட்டுக் கேட்பேன். பேச்சைக் கேட்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது. அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு ஆப் வாங்கினார்கள். காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் வராத பிள்ளையின் வீட்டுக்கு மெசேஜ் போய்விடும். வீட்டுப்பாடம், மார்க், பஸ் எங்கே வருகிறது என்பது எல்லாம் அதில் ஏறும். இதோடு பெற்றோரும் வகுப்பாசிரியரும் பேசிக்கொள்ள ஒரு பெட்டி. அம்மா அப்பா அதில் எழுதினால் டீச்சர் அன்றைக்கே பதில் போட வேண்டும். யார் எத்தனை முறை எழுதினார்கள், யார் எவ்வளவு சீக்கிரம் பதில் போட்டார்கள் என்று மாதக் கடைசியில் பட்டியலும் வரும். அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

வந்த புதிதில் கேட்ட பேச்செல்லாம் ஞாபகம் இருக்கிறது. "என் வீட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலேந்து இத்தனை மெசேஜ் போட்டதில்ல சார், உங்க ஸ்கூல் ஒரே வாரத்துல போட்டுடுச்சு" என்றார் ஒரு அம்மா. "முன்னெல்லாம் பசங்க லேட்டா வந்தா எனக்கும் கேட்டுக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப ஊருக்கே தெரியுது, என் மரியாதை பூட்ச்சு" என்றார் வாட்ச்மேன் அண்ணன். எங்கள் கரஸ்பாண்டன்ட் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஆப்ல ஏறலன்னா அது நடக்கலன்னு அர்த்தம்."

அந்த அம்மாவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், என் ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா போன் மாத்திட்டாங்க சார். பழசு பட்டன் போன், அதுல ஆப் ஏறாது. இந்த நம்பரைப் போட்டுக்கோங்க" என்று ஒரு சீட்டை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டு 'ஏம்மா, நம்பர் மாத்திட்டீங்களா' என்று கேட்டிருக்க வேண்டும். விதி அதுதான். அரை நிமிஷ வேலை. நான் கேட்கவில்லை. ஆபீஸ் பாஸ்வேர்டைப் போட்டு அங்கேயே மாற்றிக் கொடுத்தேன். 'தேங்க்யூ சார்' என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த வாரத்திலிருந்து அவளுடைய அம்மாவின் பெயரில் மெசேஜ் வர ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் பெரும்பாலான பெற்றோர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவார்கள், அவ்வளவுதான். இந்த அம்மா எழுதினார். சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு எழுதுவார்.

"வணக்கம் மிஸ். என் பொண்ணு மதியம் ஒழுங்கா சாப்பிடுறாளா? வீட்டுல கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

"இன்னைக்கு கிளாஸ்ல கையைத் தூக்கிப் பதில் சொன்னாளாமே மிஸ். சரியா சொன்னாளா?"

"அவளுக்கு மேப் வரையறது ரொம்பப் பிடிக்கும் மிஸ். அவளா கேட்க மாட்டா. ஒரு நாள் போர்டுல வரையச் சொல்லிப் பாருங்க."

வகுப்பாசிரியர் சயின்ஸ் மிஸ். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். அவர் ஒன்றையும் பதில் போடாமல் விட்டதில்லை. மறுநாளே அவளை போர்டுக்குக் கூப்பிட்டு இந்தியா மேப் வரையச் சொன்னார். அன்று மாலை, 'அம்மா, கடலோரத்தை ஒரு வளைவு விடாமல் வரைந்தாள். கிளாஸே கை தட்டியது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்' என்று பதில் எழுதினார். ஸ்டாஃப் ரூமில் அந்த மெசேஜ்களை மற்ற டீச்சர்களுக்கும் காட்டுவார். "ஜெபம் பண்றப்போ இந்த அம்மாவுக்கும் சேத்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கிறேன் சார். இப்படி ஒரு பேரன்ட் இருந்தா போதும், பாடம் நடத்துற களைப்பே தெரியாது" என்று என்னிடமே சொன்னார்.

ஜனவரிக் கடைசியில் ஆண்டு விழா. அந்த வருடம் கரஸ்பாண்டன்டுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பரிசு? ஆப்பில் பள்ளியோடு அதிகமாகத் தொடர்பில் இருந்த பெற்றோருக்கும் மேடையில் ஒரு ஷீல்டு. என்னைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். முதல் இடத்தில் இந்த அம்மா.

ஆப்பில் இருந்த நம்பருக்கு அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அழைப்பிதழை மெசேஜாக அனுப்பிவிட்டு, பழைய அட்மிஷன் ஃபாரத்தைத் தேடி எடுத்து அதிலிருந்த நம்பரில் அழைத்தேன். உடனே எடுத்தார். பின்னால் பஸ் ஹார்ன், யாரோ வஞ்சிரம் என்ன விலை என்று கேட்கும் சத்தம்.

"இன்னா சார், எம் பொண்ணு எதனா பண்ட்டாளா?" என்று பதறினார்.

"உங்களுக்குப் பரிசும்மா. சனிக்கிழமை சாயந்திரம் ஆண்டு விழாவுக்கு வந்துடுங்க" என்றேன்.

"எனக்கா? நான் இன்னா சார் பண்ணேன்?"

"வந்தா தெரியும்மா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். மாற்றிவிட்டதாக மகள் சொன்ன நம்பர் இன்னமும் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. இரண்டு போன் வைத்திருப்பார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் அந்தப் பெண் மூன்று முறை என் ஜன்னலுக்கு வந்தாள். முதல் நாள், "அம்மாவுக்கு சனிக்கிழமை வேலை இருக்கு சார், வர முடியாது" என்றாள். அம்மாவிடமே பேசிவிட்டேன், வருகிறார் என்றேன். அவள் முகம் போன போக்கை நான் கவனித்தேன். கவனித்துத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இரண்டாவது முறை, "அந்தப் பரிசை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றாள். மூன்றாவது முறை வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு பெல் அடித்ததும் வந்தாள். "ப்ளீஸ் சார். அம்மாவைக் கூப்பிடாதீங்க" என்றாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மா மீன் விற்கிறவர். நாளைக்கு ஸ்கூல் மொத்தமும் பார்க்கும். அதுதான் பிள்ளைக்கு வெட்கம். நான் எழுந்து ஜன்னல் அருகே வந்து, வரிசையில் நின்ற மற்றவர்களும் கேட்கிற மாதிரி, நன்றாகவே பேசினேன். "அம்மா தொழிலை நினைச்சு வெட்கப்படக் கூடாதும்மா. அவங்க கை உழைச்சுதான் நீ இங்க படிக்கிறே. அந்தக் கைக்குப் பரிசு குடுக்கும்போது நீ எழுந்து நின்னு தட்டணும்" என்றேன். பின்னால் நின்ற ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். நல்ல வார்த்தை நாலு சொன்னோம் என்ற திருப்தியில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அன்று மாலை அம்மா பெயரில் மிஸ்ஸுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "நாளைக்கு நான் வரல மிஸ். எனக்கு மேடைன்னா பயம். தயவு செய்து கூப்பிடாதீங்க." மிஸ், 'பயப்படாதீங்க அம்மா. நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன்' என்று பதில் போட்டார்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். அடர்பச்சைப் பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல். தலை நிறையப் பூ. தன்னோடு தெருவில் மீன் விற்கும் இரண்டு பெண்களையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார். எங்கே உட்கார வேண்டும் என்று வாட்ச்மேனிடம் கேட்டுக் கேட்டு உட்கார்ந்தார்.

மேடையில் கரஸ்பாண்டன்ட் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். பரிசு கொடுக்கும் முன், இந்தத் தாய் எப்படிப்பட்டவர் என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டாமா என்றார். பிறகு ஒரு தாளைப் பிரித்து அவருடைய மெசேஜ்கள் சிலவற்றை மைக்கில் வாசித்தார். அந்தத் தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். மனசைத் தொடுகிற மாதிரி மூன்று எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். மிஸ்ஸின் பதில்களுக்குள் போகாமல், அம்மா பெயரில் இருந்ததிலேயே உருக்கமானதாகத் தேடி எடுத்திருந்தேன். "என் பொண்ணு வீட்டுல யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா மிஸ். நீங்க பேசினா சிரிப்பா. அவளை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடுங்க." இதை வாசித்தபோது முன்வரிசை அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மேடையில் நின்ற அம்மா மட்டும் வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் மைக்கை அவரிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"இது நான் இல்லீங்க" என்றார். ஸ்பீக்கரில் தன் குரல் வந்ததைக் கேட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எனக்குப் படிக்கவே தெரியாது. நீங்க சொல்ற போனு எம் பொண்ணாண்ட கீது. என்னாண்ட பட்டன் போனுதான் கீது."

பத்தாம் வகுப்புப் பையன்கள் பக்கம் யாரோ ஒருவன் சிரித்தான். அது அடுத்த வரிசைக்குப் போய், அங்கிருந்து மைதானம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். தானே தனக்கு அம்மாவாகி மெசேஜ் போட்ட பெண். கரஸ்பாண்டன்ட் சமாளித்து, "எப்படியோ, பரிசு பரிசுதான்" என்று ஷீல்டை அவர் கையில் கொடுத்தார். போட்டோக்காரர் கீழே நின்று, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவர் சிரித்தார். அந்த போட்டோவும் பள்ளி ஃபைலில் இருக்கிறது.

நான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கப்புறம் அவளைப் பள்ளியில் யாரும் பார்க்கவில்லை.

கோவளத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பின்னால் தெரிந்தது. திங்கள்கிழமையிலிருந்து தினமும் காலை அட்டெண்டன்ஸ் முடிந்ததும் ஆப் தன் வேலையைச் செய்தது. 'உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.' அவள் கையிலிருந்த போனுக்கே அது போய்க்கொண்டிருந்தது. பெற்றோர் பெட்டியில் மிஸ் எட்டுப் பத்து முறை எழுதினார். 'கண்ணு, நான் கோபமாக இல்லை. வா' என்றுகூட எழுதினார். பார்த்ததற்கான அடையாளம் விழும். பதில் வராது. மிஸ் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "அவ அம்மாகிட்ட பேசுறேன்னு நெனச்சு அவளைப் பத்தி எதையெல்லாம் சொல்லிட்டேன் சார்" என்று அழுதார். எதை மனதில் வைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒன்பதாவது நாள் அந்த அம்மா வந்தார். மகள் இனி இந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்கிறாள், சித்தி வீட்டுப் பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறோம், டி.சி. கொடுங்கள் என்றார். எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, இதைக் கொடுத்ததும் பெற்றோர் பெட்டியை மூடிவிடுவோம், அதற்குமேல் யாரும் அதில் எழுத முடியாது என்று, ஆபீஸ்காரன் சொல்வதைப் போலச் சொன்னேன். அப்போதுதான் எல்லாவற்றையும் படிக்கச் சொன்னார்.

ஜூன் மாதத்திலிருந்து படித்தேன். மகள் எழுதியதையும் படித்தேன், மிஸ்ஸின் பதிலையும் படித்தேன். நடுநடுவே அவர் தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு, தெருவில் இருக்கும் நாலு பெண்களோடு லோடு ஆட்டோ பிடித்துக் கோவளம் போவாராம். ஏலத்தில் மீன் எடுத்து வந்து, கீழ்க்கட்டளைத் தெருக்களில் விற்று முடிக்க மதியம் ஆகிவிடும். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து ஆழ்கடல் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார். "அவ இஸ்கூல் வுட்டு வரச்சொல்லோ நான் கட்டையாட்டம் தூங்கிகினு இருப்பேன் சார். அவ தூங்கச்சொல்லோ நான் எழுந்து பூடுவேன்" என்றார். மேப் வரைந்த மெசேஜைக் கேட்டபோது, "கை தட்டுனாங்களா?" என்று மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டு முறை படித்தேன்.

அக்டோபருக்கு வந்தோம். மிஸ் எழுதியிருந்த ஒன்றை நான் கண்ணால் முதலில் படித்துவிட்டேன். அடுத்ததற்குத் தாவப் பார்த்தேன்.

"முழுங்காத சார்" என்றார்.

படித்தேன். "அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். கிளாஸில் சில பிள்ளைகள் இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். யூனிஃபார்மில் மீன் வாசனை வருகிறதாம். நான் அவர்களைக் கண்டித்துவிட்டேன். இருந்தாலும் அவள் துணியை மட்டும் தனியாகத் துவைத்துக் காயவைத்தால் நன்றாக இருக்கும். அவளிடம் இதை நான் சொல்லவில்லை."

நாலு நிமிஷத்தில் பதில் வந்திருந்தது. அதையும் படித்தேன். "சரிங்க மிஸ். நான் பாத்துக்கிறேன். நீங்க சொன்னது அவளுக்குத் தெரிய வேணாம் மிஸ். தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

அந்த அம்மா மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"அது எந்த நாளு சார்?"

தேதியைச் சொன்னேன். அவருக்குத் தேதி புரியவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு முந்தின புதன்கிழமை என்றேன்.

"ஆமா" என்றார். "பூஜைக்கு முன்னால. அன்னிக்கு வூட்டுல கீற அத்தினி துணியையும் எட்த்து ஊற வெச்சா. என் புடவை, பாய் மேல போட்ற போர்வை எல்லாத்தையும். லாரித் தண்ணி வராத நாளு. குடிக்கப் புட்ச்சு வெச்ச தண்ணியும் பூட்ச்சு. இன்னாடி ஆச்சு உனக்குன்னு நான் கேக்கல சார். தூக்கத்துல எழுந்து வந்து முதுகுல ரெண்டு வெச்சேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு மாத மெசேஜ்கள் பாக்கி இருந்தன. படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இந்த மிஸ்ஸு நல்லவங்க சார்" என்றார். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிகிறாங்க."

மேசைமேல் இருந்த டி.சி.யை அவர் அன்று எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மகள் திரும்பி வருவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மறுவாரம் சித்தப்பா என்று ஒருவர் வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம். போகிறாளாம், வருகிறாளாம். "பேச்சுதான் இல்ல சார், முன்னாடியும் பெருசா பேசற புள்ள இல்லையே" என்றார். அவர் போனபின் பெட்டியை மூடினேன். 'இந்தப் பெற்றோரின் கணக்கை நீக்கவா' என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

நான் இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். அதே ஆப்தான் ஓடுகிறது. இப்போது யார் நம்பர் மாற்ற வந்தாலும், வரிசை கேட்டைத் தாண்டி நின்றாலும், பழைய நம்பருக்கு அழைத்துப் பேசிவிட்டுத்தான் மாற்றுகிறேன். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊரார் பேச்சையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தவன், ஒரு பிள்ளை மூன்று முறை வந்து கெஞ்சியபோது 'ஏம்மா?' என்ற ஒரு சொல்லைக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே என்னிடம் பதில் தயாராக இருந்தது. இன்றைக்கும் யாராவது ஜன்னலுக்கு வெளியே நின்று தயங்கினால், எனக்கு முதலில் வருவது பயம்தான், இந்த முறையும் நானே பேசிவிடுவேனோ என்று.

அன்று அந்த அம்மா கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சார், இங்க சோப்பு கீதா?"

பிள்ளைகள் கை கழுவும் குழாயடியில் இருக்கிறது என்று காட்டினேன். அங்கே போய்ப் புடவையைச் செருகிக்கொண்டு, தேய்ந்துபோன துண்டு சோப்பால் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல்வரை தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார். பெல் அடித்து, தண்ணீர் பிடிக்க வந்த சின்னப் பிள்ளைகள் பின்னால் வரிசையாக நின்று காத்திருக்கும் வரை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு பாதிக்குமேல் விற்காத மீன் கூடையை வாட்ச்மேன் அண்ணனிடம் தள்ளி, "நீயே எட்த்துக்கோண்ணா" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே ரோட்டைக் கடந்து, மகள் இருக்கும் கோவளம் பக்கம் போகும் பஸ்கள் நிற்கும் ஸ்டாப்பில் போய் நின்றார்.